பட்டுப்புழு வளர்க்கிற விளையாட்டுக்கு ஸ்டீம் அட்டைப்படம்: புழுவைக் காட்டுவதா, மறைப்பதா?

பாலக்கோட்டான்:

வணக்கம். ஊர் பாலக்கோடு பக்கம். பகலில் ஓசூரில் வேலை, இரவு பத்து மணிக்கு மேல் நானும் தங்கச்சியும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். புரோகிராம் நான், படம் முழுக்க அவள். பெயர் ‘மல்பெரி மனை’. வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பு உண்டு, அதையே விளையாட்டாக்கியிருக்கிறோம். முட்டை வாங்கிப் பொரிக்க விடுவது, இலை பறித்து நறுக்கிப் போடுவது, தோலுரிக்கப் புழு தூங்கும்போது புழு வளர்க்கும் மனையைச் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வருவது, பழுத்த புழுக்களைக் கூடு கட்டச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் விடுவது, கடைசியில் கூடுகளை மூட்டை கட்டித் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோய் ஏலம் பார்ப்பது. நேரக்கெடு கிடையாது, தோற்பதும் கிடையாது, புழுவுக்கு நோய் வராது. அப்பாவிடம் விளையாடக் கொடுத்தோம், பத்து நிமிஷம் பார்த்துவிட்டு “கடனும் இல்லை, நோயும் இல்லை, இது எந்த ஊர் பட்டு வளர்ப்பு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனசு ஆறுவதற்காக விளையாடுகிற வகை, வெளியே கோஸி சிமுலேஷன் என்கிறார்களே, அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணினி விளையாட்டு விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் ‘விரைவில்’ பக்கம் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் படம் கண்ணில் படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதைச் சொடுக்கி உள்ளே வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. உள்ளே வந்தவர்கள் பரவாயில்லை, டிரெய்லர் பார்க்கிறார்கள், விஷ்லிஸ்டில் போடுகிறார்கள். அதனால் வீட்டில் குறையில்லை, வாசலில்தான் ஏதோ குறை என்று தோன்றுகிறது.

இப்போதைய அட்டைப்படத்தை இணைத்திருக்கிறேன். படம் திறக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அந்தி நேரம், பின்னால் மலை, நடுவில் மல்பெரித் தோட்டம், வலப்பக்கம் ஓட்டு வீடும் புழு மனையும், திண்ணையில் பாட்டி, பக்கத்தில் கொசுவத்திச் சுருள், வரப்பில் தங்கச்சி, நாய், இரண்டு ஆடு, அப்பாவின் பழைய டிவிஎஸ் 50, தென்னை, நிலா. மேலே மெல்லிய சுருள் எழுத்தில் பெயர். தங்கச்சி நாற்பது நாள் உட்கார்ந்து வரைந்தது. பெரிதாகப் பார்த்தால் எனக்கே கண் கலங்குகிறது.

கேள்வி இரண்டு. ஒன்று, இதில் எதை மாற்றுவது. இரண்டு, புழு. டெமோ பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் புழு என்றதும் முகம் சுளித்தார்கள், அதனால் அட்டையில் புழுவே இல்லாமல் செய்தோம். அது சரியா தப்பா?

தங்கச்சியும் இதைப் படிப்பாள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஃபிளெக்ஸ்காரன்:

தம்பி, நான் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எட்டு வருஷம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தவன். இப்போது வீட்டிலிருந்தே விளையாட்டுகளுக்கு லோகோவும் அட்டையும் செய்து கொடுக்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்ததும் ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ்தான் ஞாபகம் வந்தது, தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன். காதுகுத்து ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர் தாய்மாமன் படம், பெரியப்பா படம், பங்காளி படம், நண்பர்கள் குழு பன்னிரண்டு பேர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார், கடைசியில் யாருக்குக் காது குத்துகிறார்களோ அந்தக் குழந்தை மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு வந்து நிற்கும். யாரையும் விட முடியாது, விட்டால் சண்டை. உங்களுக்கு அந்தச் சண்டை இல்லை. ஆட்டையும் டிவிஎஸ்ஸையும் விட்டால் யாரும் பந்தியில் உட்கார மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

இப்போது அளவுகள். ஸ்டீமில் ‘கேப்ஸ்யூல்’ என்பது ஒரே படம் இல்லை, பல படம். தலைப்புப் படம் 920×430. முகப்பில் பெரிதாக ஓடுவது 1232×706. நெட்டுக்குத்தாக நிற்பது 748×896, பருவத் தள்ளுபடிப் பக்கங்களில் அதுதான் வரும். சின்னது 462×174. வாங்கினவர்களின் லைப்ரரியில் நிற்பது 600×900. ஒரே படத்தை வரைந்து வைத்துக்கொண்டு இத்தனைக்கும் வெட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் நெட்டுக்குத்துப் படமே சாட்சி: பாட்டிக்குப் பாதி முகம், நாய்க்குத் தலை இல்லை.

இதில் உயிர்நாடி அந்தச் சின்னதுதான். தேடினால் வருகிற பட்டியல், அதிகம் விற்கிற பட்டியல் எல்லாவற்றிலும் அதுதான் நிற்கிறது. 462×174 என்று நீங்கள் கொடுத்தாலும் ஸ்டீம் அதை இன்னும் சுருக்கி 184×69, 120×45 என்று தானே இரண்டு செய்துகொள்ளும். 120×45 என்றால் எவ்வளவு தெரியுமா, தீப்பெட்டி லேபிளில் பாதி கூட வராது. அதில் மலை, நிலா, பாட்டி எல்லாம் சேர்ந்து ஊதாக் கறையாகத் தெரிகிறது. அந்த அளவுக்கு வேண்டியது பெயர் மட்டும்தான், கூட வைத்தால் ஒரே ஒரு பொருள். ஸ்டீமும் தன் வழிகாட்டியில் சின்னப் படத்தில் லோகோ ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அடுத்தது நிறம். ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம். உங்கள் படமும் அந்தி நேரத்துக் கருநீலம். இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைந்துவிட்டன, உங்கள் படத்துக்கு விளிம்பே இல்லை. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராத்திரி ரோட்டோரம் நடக்கிற மாதிரி. இந்த வகை விளையாட்டுக்கு ராத்திரிதான் அழகு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், ராத்திரியே வேண்டுமென்றால் உள்ளே ஒரு பெரிய மஞ்சள் வெளிச்சம் வைத்து, வெளிச்சமே படத்தின் முக்கால்வாசியாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. டெமோவுக்கு நல்ல பெயர் வந்தது, விருது வந்தது என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் அதற்கு இடமில்லை. விளையாட்டின் படம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு இருந்தால் அது, அவ்வளவுதான். தள்ளுபடி, மதிப்பெண், பாராட்டு எதுவும் கூடாது.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். சின்னப் படத்தை ஃபோனில் திறந்து, அப்பா கையில் கொடுத்து நான்கு அடி தள்ளி நிற்கச் சொல்லி, “இது என்ன” என்று மட்டும் கேளுங்கள். ‘அழகா இருக்கா’ என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

---

ராயக்கோட்டை ரைடர்:

எதுக்குங்க இவ்வளவு பாடு. ஏஐயில் நாலு வரி எழுதினால் அஞ்சு நிமிஷத்தில் ஐம்பது அட்டை தரும், அதில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

---

ஃபிளெக்ஸ்காரன்:

@ராயக்கோட்டை ரைடர், தரும், நானும் விளையாடிப் பார்த்தேன். சந்திரிகை என்று கேட்டால் ஜப்பான் மூங்கில் கூடை வருகிறது, பாட்டிக்குக் கிமோனோ. அதுவும் போக, 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதை ஸ்டீமுக்குச் சொல்லியாக வேண்டும், கடைப் பக்கத்திலும் அது தெரியும். துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம், கையால் செய்தது என்பதற்காகவே இந்த வகையைத் தேடி வருகிறவர்கள் அப்படிப் போக மாட்டார்கள். வரைகிற கை வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு?

---

சுண்டைக்காய்:

நான் விளையாட்டு செய்கிறவள் இல்லை, வாங்கி விளையாடுகிறவள். தர்மபுரி டவுன், இரண்டு பிள்ளைகள், அவர்கள் தூங்கின பிறகு ஸ்டீம் டெக் என்கிற கையடக்க விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு படுக்கையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் இருபது நிமிஷம் எதை வாங்கலாம் என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய்விடும், அதனால் அட்டைப்படம் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்!

ஃபிளெக்ஸ்கார அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் சொல்லாதது ஒன்று. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் இதில் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. கிராமம், அந்தி, அமைதி, சரி. அப்புறம்? நடந்து போகும் விளையாட்டா, கதை சொல்லும் விளையாட்டா, விவசாயமா? கிராமத்து அந்தியைப் போட்ட அட்டை நூறு இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் முதலில் பார்ப்பது இடத்தை இல்லை, கையை. என் கை இதில் எதை எடுக்கும், எதை வைக்கும், எதைத் துடைக்கும். ‘அன்பேக்கிங்’ 2021இல் வந்தது, பெயரிலேயே விளையாட்டு இருக்கிறது, பெட்டியைத் திறந்து பொருளை எடுத்து வைக்க வேண்டும், முடிந்தது. ‘பவர்வாஷ் சிமுலேட்டர்’ என்றால் அழுக்கு, அதைக் கழுவ வேண்டும். நாள் முழுக்க வீட்டைக் கழுவுகிற நான் காசு கொடுத்து இன்னொரு இடத்தைக் கழுவுகிறேன் என்று வீட்டுக்காரர் சிரிப்பார், ஆனால் அங்கே கழுவினது மறுநாள் அழுக்காவதில்லை, அந்தச் சுகம் அவருக்குப் புரியாது. ‘டார்ஃப்ரொமான்டிக்’கில் அறுகோண ஓடுகளை அடுக்கி ஊர் கட்டுவது. இப்படி ஒரே ஒரு வினைச்சொல் எனக்குப் படத்தில் தெரிய வேண்டும்.

உங்கள் விளையாட்டின் வினைச்சொல் என்ன? இலை போடுவதுதானே? நான் டெமோவை இப்போதுதான் விளையாடிவிட்டு வருகிறேன். இலையைத் தூவினதும் புழுக்கள் எல்லாம் சேர்ந்து கடிக்கிற அந்தச் சத்தம், மழை ஓட்டில் விழுகிற மாதிரி, ஐயோ, அதைக் கேட்டுக்கொண்டே நாலு தடவை சும்மா இலை போட்டேன். சத்தத்தை அட்டையில் வைக்க முடியாது, அது டிரெய்லரின் முதல் அஞ்சு நொடியில் வரட்டும், இப்போது அங்கேயும் மலைதான் வருகிறது. ஆனால் இலை போடுகிற கையை அட்டையில் வைக்கலாமே.

புழுவைப் பற்றி. மறைக்காதீர்கள். புழு பிடிக்காதவர் அட்டையில் ஏமாந்து உள்ளே வந்தால் என்ன செய்வார்? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டு போகிற போக்கில் ‘இது புழு விளையாட்டு என்று சொல்லவே இல்லை’ என்று எழுதியும் வைப்பார். புழு பிடிக்கிறவர்களோ, அட்டையில் அது இல்லாததால் உங்களைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். நத்தை, தவளை, தேனீ என்று சின்ன உயிர்களுக்காகவே வாங்குகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் எவ்வளவு பேர் தெரியுமா? நானே ஒருத்தி.

---

பாலக்கோட்டான்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அப்பாவிடம் ஃபோனைக் காட்டினேன். “மாரியம்மன் பண்டிகை நோட்டீஸா” என்றார். தங்கச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள், இன்னும் வெளியே வரவில்லை.

அவள் போகும் முன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நியாயம் இருக்கிறது. “எல்லாத்தையும் எடுத்துவிட்டு ஒரு கையும் இலையும் மட்டும் வைத்தால் அது எந்த ஊர்க் கை? நம்ம ஊர் எங்கே தெரியும்? ஊர் தெரியத்தானே இந்த விளையாட்டே செய்தோம்?” என்றாள். ‘வெண்பா’ 2023இல் வந்தபோது இரண்டு பேரும் ஒரே உட்காரலில் விளையாடி முடித்தோம். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு, இட்லி, புட்டு. அது வெளிநாட்டுக்காரனுக்குப் புரியுமா என்று யாரும் பயந்ததாகத் தெரியவில்லை, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருதே வாங்கியது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் தைரியம் வந்தது. இப்போது அட்டைக்காக ஊரை விட்டுக்கொடுப்பதா என்பது அவள் கேள்வி.

---

ஃபிளெக்ஸ்காரன்:

ஊரை விடச் சொல்லவில்லை. ஊரை அகலத்தில் காட்டாமல் ஆழத்தில் காட்டச் சொல்கிறேன். கண்ணாடி வளையலும் மஞ்சள் கயிறும் கட்டின ஒரு கை எந்த ஊர்க் கை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், அதற்கு மலை எதற்கு? நீங்கள் சொன்ன அந்த விளையாட்டும் ஊர் முழுவதையும் காட்டவில்லை, ஒரு அடுப்படியைக் காட்டியது. இன்னொன்று, மலையும் தோட்டமும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. லைப்ரரிக்கு 3840×1240 என்று அகலமான ஹீரோ படம் ஒன்று கேட்பார்கள், அதில் எழுத்தே கூடாது, லோகோவைத் தனியாக மேலே வைத்துக்கொள்ளலாம். தங்கச்சியின் நாற்பது நாள் உழைப்பு அப்படியே அங்கே உட்காரும். வாங்கினவர்கள் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பாட்டியையும் நாயையும் பார்ப்பார்கள், அது இன்னும் மரியாதையான இடம். உள்ளே வாங்கோ என்று கூப்பிட்ட பிறகு காட்டுகிற ஃபோட்டோ ஆல்பம் அது, வாசலில் மாட்டுவதில்லை.

---

மனைக்காரர்:

பெயரைப் பார்த்து நான் விளையாட்டு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பென்னாகரம் பக்கம், பதினேழு வருஷமாக மல்பெரி வைத்துப் புழு வளர்க்கிறேன். பையன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கொசுவத்திச் சுருளை எடுங்கள். புழு மனை வாசலில் சுருள் புகைகிறதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பகீர் என்றது. அந்த மருந்து புழுவுக்கு எமன், பக்கத்து வயலில் மருந்து அடித்தாலே இலையை நாலு தடவை யோசித்துத்தான் பறிப்போம். அமைதியான படம் என்று சொல்லிவிட்டு எங்களைப் போன்றவர்களைப் பதற வைக்கிறீர்கள்.

அடுத்து, புழுவைக் காட்டினால் அருவருப்பு என்கிறீர்கள். எந்தப் பருவத்துப் புழுவைக் காட்டினீர்கள்? புழு நாலு தடவை தோலுரிக்கும், அஞ்சு பருவம். பொரித்ததும் எறும்பு மாதிரி கறுப்பாக இருக்கும், அதைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. அஞ்சாம் பருவம்தான் அழகு, சுண்டுவிரல் நீளம், வெள்ளை வெளேர் என்று, தொட்டால் குளுகுளு என்று இருக்கும். மொத்த இலையில் எண்பது பங்குக்கு மேல் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்னும், வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. தோலுரிக்கத் தூங்குகிற புழு இன்னும் அழகு, தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் சாமி கும்பிடுகிற மாதிரி நிற்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் தானே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உங்கள் அட்டைக்கு அந்தப் புழு ஒன்று போதும்.

சந்திரிகையை ஏன் விட்டீர்கள்? வட்டமான மூங்கில் தட்டு, உள்ளே நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகிற மூங்கில் சுவர், அந்தச் சுற்று முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கூடு. இப்போது பாதிப்பேர் பிளாஸ்டிக் நெட்ரிகாவுக்கு மாறிவிட்டோம், நானும் மாறிவிட்டேன், சுத்தம் செய்ய சுலபம். ஆனால் படம் என்றால் அது பழைய சந்திரிகைதான். வெயிலில் நிமிர்த்தி வைத்திருப்பதை ரோட்டிலிருந்து பார்த்தாலே என்ன வீடு என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டு அங்காடியில் ஏலத்தோடு முடிகிறது என்கிறீர்கள். கூடு அதற்கு அப்புறம் எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும். உள்ளே இருக்கிற புழுவைச் சூட்டில் சாகடித்துவிட்டுத்தான் நூல் இழுப்பார்கள், அப்போதுதான் ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல் அறுபடாமல் வரும். நாங்கள் அதோடு வாழப் பழகினவர்கள். அட்டையில் புழுவைக் குழந்தை மாதிரி காட்டிவிட்டு உள்ளே அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால், தெரிந்தவர்கள் ஒருநாள் கேட்பார்கள்.

---

சுண்டைக்காய்:

மனைக்கார அண்ணா, உங்களுக்கு ஒரு கும்பிடு. அந்தச் சந்திரிகைதான் அட்டை! எனக்கு இப்போதே வாங்கணும் போல இருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அட்டையில் அதற்குப் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் அட்டை என்ன பாவனை காட்டுகிறதோ அதற்கு உள்ளே இருக்கிறது பொருந்த வேண்டும். புழுவுக்குப் பெரிய பெரிய கண்ணும் சிரிப்பும் வைத்துப் பொம்மையாக்கினீர்கள் என்றால் அது செத்துப்போவது துரோகம் மாதிரி ஆகிவிடும். புழுவைப் புழுவாகவே, கண்ணியமாக வரைந்தால் அந்தச் சிக்கல் வராது. கோழி வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். டெமோவில் முகம் சுளித்தவர்களுக்காக யாராவது கண் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

---

பாலக்கோட்டான்:

மனைக்கார அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு அப்பா ஒரு மணி நேரம் பேசினார், முதல் தடவையாக எங்கள் விளையாட்டைப் பற்றி. சுருள் விஷயத்தில் மானம் போயிற்று. அது வீட்டுத் திண்ணையில் இருக்கிற சுருள், மனை தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் நெருக்கி வைத்ததில் மனை வாசலில் புகைகிற மாதிரி ஆகிவிட்டது. அங்காடிக்கு அப்புறம் என்ன என்பதை விளையாட்டுக்குள்ளேயே பாட்டி வாயால் ஒரு இடத்தில் சொல்ல வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம், எப்படி என்று இன்னும் தெரியவில்லை. முட்டைக்கென்று சில கூடுகளை விற்காமல் வைத்து அந்துப்பூச்சி வெளியே வருவதை விளையாடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம் என்பது தங்கச்சி யோசனை.

அவள் வெளியே வந்துவிட்டாள் என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும். நேற்று ராத்திரி புது ஓவியம்: முழு வட்டச் சந்திரிகை படத்துக்கு நடுவில், பின்னால் குண்டு பல்பு மஞ்சள், இடது கீழ் மூலையிலிருந்து வளையல் கை ஒன்று இலையோடு வருகிறது, இலை விளிம்பில் தலை தூக்கின ஒரே ஒரு புழு. சுருக்கிப் பார்த்தால் கருநீலத்தில் மஞ்சள் வட்டம் பளிச்சென்று தெரிகிறது.

மிச்சம் இருப்பது எழுத்து. தமிழிலேயே பெயரை வைக்க ஆசை, ஆங்கில எழுத்து கீழே சின்னதாக. முடியுமா?

---

ஃபிளெக்ஸ்காரன்:

ஒரு சின்னத் திருத்தம், இலை போடுவது புழு வளர்கிற படுக்கையில், சந்திரிகையில் ஏறின புழு தின்னாது. இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் மனைக்காரர் மறுபடி வருவார். கை கூட்டைப் பறிக்கட்டும், அல்லது சந்திரிகை பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கட்டும்.

எழுத்து. ஆசை எனக்கும் உண்டு, ஆனால் கணக்கைப் பாருங்கள். ஸ்டீம் கடையின் மொழிகளில் தமிழ் இல்லை, அதனால் ஜப்பான்காரருக்கு ஜப்பானிய எழுத்தில் தனி அட்டை ஏற்றுகிற மாதிரி தமிழருக்கு மட்டும் தனி அட்டை ஏற்ற வழியில்லை. எல்லா நாட்டுக்காரரும் பார்க்கிற அட்டையில் படிக்கிற எழுத்து அவர்களுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், பெயரைப் படிக்க முடியாதவர் மறுநாள் தேடவும் முடியாது. அதனால் பெரிய எழுத்து ஆங்கிலம், தமிழ் அதன் மேல் ஒரு முத்திரை மாதிரி. சின்னப் படத்தில் தமிழை எடுத்துவிடுங்கள். 120×45இல் ‘ல்’ மேல் இருக்கிற புள்ளி முதலில் செத்துப்போகும், ‘மலபெரி’ என்று ஆகிவிடும், அதைவிடப் போடாமல் இருப்பது தமிழுக்கு மரியாதை.

பெரிய படங்களில் வைக்கும்போது, கணினியில் இருக்கிற ஃபாண்டை எடுத்து அப்படியே தட்டாதீர்கள். நம் எழுத்து அகலம், ‘ரி’க்கு மேலே கொக்கி, ‘னை’க்கு முன்னால் சுழி, ஒரு வரியில் நீட்டினால் ரயில் மாதிரி ஓடும். ‘மல்பெரி’ மேலே, ‘மனை’ கீழே என்று இரண்டு அடுக்கு, தடித்த எழுத்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக. மர எழுத்துப் பலகையும் இலை தொங்கலும் வேண்டாம், 2016இல் ‘ஸ்டார்டியூ வேலி’ வந்த பிறகு விவசாய விளையாட்டு எல்லாவற்றிலும் அந்தப் பலகை தொங்குகிறது, நீங்கள் பத்தோடு பதினொன்றாகத் தெரிவீர்கள். மூங்கில் பத்தையை வளைத்த மாதிரி எழுத்து முயன்று பாருங்கள், சந்திரிகையோடு ஒட்டும்.

மாற்றும்போது எல்லா அளவையும் ஒரே நாளில் மாற்றுங்கள், விலை, டிரெய்லர் எதையும் அந்த வாரம் தொடாதீர்கள். இல்லையென்றால் எதனால் கூடிற்று எதனால் குறைந்தது என்று தெரியாது.

---

மனைக்காரர்:

படுக்கை, சந்திரிகை விஷயத்தை அவரே சொல்லிவிட்டார், சந்தோஷம். இலை மட்டும் பார்த்தேன். கூகுளில் இருக்கிற மாதிரி மூன்று மடலாகப் பிரிந்த இலை வரைந்திருக்கிறீர்கள். நம் பக்கம் வைப்பது வி1 என்கிற மல்பெரி ரகம், அந்த இலை பிரியாது, பெரிதாக, முழுசாக, பளபளப்பாக இருக்கும்.

---

பாலக்கோட்டான்:

இது தங்கச்சி. அண்ணன் கணக்கில் எழுதுகிறேன்.

இலை தெரியாமல் வரையவில்லை மாமா, சின்ன வயசிலிருந்து பறித்த கைதான். வி1 இலையை அப்படியே வரைந்து சுருக்கினேன், வெற்றிலை மாதிரி தெரிந்தது. அண்ணனே “தாம்பூலமா” என்று கேட்டான். அதனால்தான் மடல் இலைக்குப் போனேன். நீங்கள் சொன்ன பிறகு மறுபடி வி1க்கு வந்து, விளிம்பில் இருக்கிற பல்லை மட்டும் உண்மையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கி, நடு நரம்பை வெளிர் மஞ்சளாகப் போட்டேன். கை இப்போது கூடு பறிக்கிறது, இலையும் புழுவும் கீழே படுக்கை ஓரத்தில். நாய் மட்டும் போகவில்லை, பல்பு வெளிச்சத்தில் வாசல்படியில் அதன் காது ஒன்று தெரிகிறது, அதை யாரும் எடுக்கச் சொல்லக்கூடாது.

அப்பாவிடம் நாலு அடி தள்ளி நின்று காட்டினேன். “மனையில் பல்பை அணைக்காமல் வந்துட்டியா” என்றார்.